பேட் மாற்றியும் பிரேக் கீச்சிடுகிறதா? டிஸ்க்குக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் வட்டத்தகடு, அதை இரு பக்கமும் நெரிக்கும் உராய்வுக் கட்டைகள்தான் பேட்), பின்னால் டிரம் (உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் கிண்ணம் மாதிரி பிரேக்). வண்டி சென்னை திருவான்மியூரில் கூரையில்லாத பார்க்கிங்கில் நிற்கிறது, வேலை நாட்களில் ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) சோழிங்கநல்லூர் வரை போய்வருகிறது. பிரேக் கீச்சிட்டதால் முன் பேட்களை மாற்றினீர்கள். இரண்டு வாரம் சத்தமில்லை, அப்புறம் பழையபடி கீச். இப்போது ஒர்க்‌ஷாப்பில் "டிஸ்க் போயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம், கூடவே பேட்டும் புதுசு போட்டுடலாம்" என்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். டிஸ்க் உண்மையிலேயே போயிருக்கலாம், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தந்த விவரத்தில் யாரும் டிஸ்க்கை அளந்ததாகத் தெரியவில்லை, பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பர் வழுக்கி நகர்வதற்கு இருக்கும் கம்பியை, அதாவது பின்னை (pin), கழற்றிப் பார்த்ததாகவும் தெரியவில்லை, பின் டிரம்மை யாரும் தொடவே இல்லை. பேட்டைச் சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்களைக் கவனிக்காமல் பேட்டை மட்டும் மாற்றினால் சத்தம் திரும்பி வரத்தான் செய்யும். டிஸ்க்கை மாற்றினாலும் அதே கதைதான், இரண்டு வாரம் என்பது இரண்டு மாதமாகத் தள்ளிப்போகலாம், அவ்வளவே.

அதற்கு முன் ஒன்று. கீச்சிடுவது வேறு, இரும்பும் இரும்பும் அரைபடுவது வேறு. பிரேக்கை மிதித்தால் கரகரவென்று அரைக்கிற மாதிரி சத்தம் வந்து அது காலிலும் தெரிகிறது என்றால், அல்லது பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, டேஷில் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது, ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாடையோ சூடோ அடிக்கிறது, இதில் எது இருந்தாலும் மேலே படிக்க வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி பக்கத்து மெக்கானிக்கை வரவழையுங்கள், இல்லையென்றால் டோ செய்யுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயமில்லை இது.

சரி, உங்களுடையது வெறும் கீச் என்றே எடுத்துக்கொள்கிறேன். அது ஏன் வருகிறது? கரும்பலகையில் சாக்பீஸை ஒரு கோணத்தில் பிடித்து இழுத்தால் கிரீச்சிடும் இல்லையா, அதேதான். பேட் டிஸ்க்கை ஒரு கணம் பற்றுகிறது, மறுகணம் வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. இது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும்போது பேட், காலிப்பர், டிஸ்க் எல்லாம் சேர்ந்து அதிர்ந்து பாட ஆரம்பிக்கின்றன. ஆக, கீச் என்பது அதிர்வு. அதற்கும் பேட் தேய்ந்துபோவதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. புத்தம்புது பேட் காது கிழியக் கத்தலாம், தேய்ந்து தகடாகப்போன பேட் கடைசி வரை வாய் திறக்காமலே இருக்கலாம். இதனால்தான் "சத்தம் வருது, பேட் மாத்து" என்கிற வைத்தியம் சிலருக்குப் பலிக்கிறது, உங்களுக்குப் பலிக்கவில்லை.

இந்த அதிர்வை அடக்கத்தான் பேட் செய்கிறவர்கள் படாதபாடு படுகிறார்கள். நம் ஊரிலேயே பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், அம்பத்தூரில் ரானேயும் பல பத்தாண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கின்றன. நல்ல பேட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இரண்டு முனைகளும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும், நடுவில் ஒரு வெட்டு இருக்கும், முதுகில் மெல்லிய தகடு ஒன்று ஒட்டியோ கவ்வியோ இருக்கும். அந்தத் தகடுதான் ஷிம். மூன்றுமே சத்தத்தைக் குறைப்பதற்காக. பேட் மாற்றும்போது பழைய பேட்டோடு ஷிம்மையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஷிம் இல்லாமல் வந்த மலிவான பேட்டை மாட்டி அனுப்புவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. உங்கள் வண்டியிலும் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

ஆனால் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் சத்தம் எப்போது வருகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். சத்தம் எப்படியிருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காலையில் வண்டி எடுத்ததும் முதல் நாலைந்து பிரேக்கில் மட்டும் கீச்சிட்டோ உரசியோ போய்விடுகிறதா? அது துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு, பெயிண்ட் கிடையாது, உரசும் பகுதியில் பூச்சும் கிடையாது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிறுத்துகிறீர்கள், ராத்திரி முழுக்க உப்புக்காற்று. போதாததற்கு அபார்ட்மென்டில் வண்டி துடைக்கிற அண்ணன் விடியற்காலையில் இரண்டு வாளித் தண்ணீரைச் சக்கரத்திலேயே அடித்துவிட்டுப் போயிருப்பார். எட்டு மணிக்கு நீங்கள் சாவியைப் போடும்போது டிஸ்க்கின் மேல் மெல்லிய செம்படலம் படிந்திருக்கும். அது தானாகத் தேய்ந்துபோகும், ஒன்றும் செய்ய வேண்டாம். வண்டியை மூன்று நாலு வாரம் எடுக்காமல் போட்டுவிட்டு ஊருக்குப் போனால்தான் பிரச்சினை. அப்போது பேட் ஒட்டியிருந்த இடத்தில் துரு ஆழமாக அரித்து, டிஸ்க்கில் பேட்டின் அச்சு விழுந்துவிடும், ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் வரும்போது உரசும்.

பிரேக்கைத் தொடாமலே ஓடும்போது மெலிதாகக் கீச்சிட்டு, மிதித்ததும் நின்றுவிடுகிறதா? அது பேட்டில் இருக்கும் எச்சரிக்கைத் தகடாக இருக்கலாம். பேட் ஏறக்குறைய 2, 3 மி.மீட்டருக்குத் தேய்ந்ததும் ஒரு சின்ன எஃகு நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும்படி வைத்திருப்பார்கள். உங்கள் பேட் புதியது, அதனால் தேய்மானமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த நாக்கு உள்ள பேட்டை உள்ளே வெளியே இடம் மாற்றி மாட்டினாலோ, மாட்டும்போது நாக்கு வளைந்துபோனாலோ முதல் நாளிலிருந்தே உரசும். இதே குடும்பத்தில் இன்னொன்று: டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகரக் கவசத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு ஜல்லி மாட்டிக்கொள்வது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளில் ஓட்டுகிற நமக்கு இது அடிக்கடி வரும். சத்தம் பயங்கரமாக இருக்கும், வண்டியே உடைந்துவிட்டதோ என்று தோன்றும். காலியான இடத்தில் மெதுவாகக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தினால் பல சமயம் கல் விழுந்துவிடும். விழாவிட்டால் கவசத்தை ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினால் போதும். இதற்கெல்லாம் பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

டைடல் பார்க் சிக்னலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து நகரும்போது, பிரேக்கை மெல்ல விடுகிற கணத்தில் "உர்ர்" என்று அடித்தொண்டையில் முனகுகிறதா? அதுவும் பற்றி வழுக்குகிற விவகாரம்தான், ஆனால் மிகக் குறைந்த வேகத்தில். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அதிகம், ஏனென்றால் இன்ஜின் தள்ளிக்கொண்டே இருக்கும்போது பிரேக் பாதி பிடித்தபடி இருக்கிறது. பெடலைப் பாதியில் வைத்திருக்காமல் முழுதாக விட்டு முழுதாகப் பிடித்துப் பாருங்கள், குறையும். குறையாவிட்டாலும் ஆபத்தில்லை.

ரிவர்ஸில் மட்டும் கீச்சிடுவதும், முன்னும் பின்னும் திசை மாறும்போது ஒரே ஒரு "டக்" வருவதும் பேட் தன் இடத்தில் தொளதொளவென்று ஆடுவதைக் காட்டுகின்றன. பேட்டைப் பிடித்திருக்கும் கிளிப் போயிருக்கும், அல்லது போடவே மறந்திருப்பார்கள். சக்கரத்தின் சுற்றுக்கு ஏற்ப "ஷ்... ஷ்... ஷ்..." என்று தாளம் போட்டு வந்து, ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) 80-லிருந்து பிடிக்கும்போது ஸ்டீயரிங்கும் நடுங்கினால் டிஸ்க் பக்கம் பார்வையைத் திருப்பலாம். அப்போதும் "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது பேட்டின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே காலில் தெரிய ஆரம்பித்துவிடும். ஹப்புக்கும் (டிஸ்க் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடம்) டிஸ்க்குக்கும் நடுவே துரு படிந்து டிஸ்க் நேராக உட்காராமல் இருந்தாலும், ஏர் கன்னால் வீல் நட்டை ஒரு பக்கம் அதிகமாக இறுக்கிவிட்டாலும் காலப்போக்கில் இதுவே நடக்கும்.

பிரேக்கே இல்லாத சத்தங்களையும் ஒதுக்கிவிடுங்கள். வேகம் கூடக் கூட "ஊம்ம்" என்று கூடி, வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் அதிகமாவது வீல் பேரிங். ஸ்பீட் பிரேக்கரில் "டொக் டொக்" என்பது சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடோ பால் ஜாயின்டோ. மழையில் அழுத்திப் பிடிக்கும்போது பெடல் கிர்ரென்று உதைத்தால் அது ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன் வேலையைச் செய்கிறது, பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க நல்ல இடம் ஏதாவது ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங் அல்லது நீளமான மதில் சுவர் உள்ள தெரு. கண்ணாடியை இறக்கிவிட்டு 10, 15 கி.மீ. வேகத்தில் சுவரை ஒட்டிப் போய்ப் பிடியுங்கள், எந்தப் பக்கம் என்று தெளிவாகக் கேட்கும். திரும்பி வரும்போது மறுபக்கம். முன்னாலா பின்னாலா என்று குழம்பினால், ஆளில்லாத இடத்தில் அதே மெதுவான வேகத்தில் ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லிவரை இலேசாகத் தூக்குங்கள். சத்தம் அதிலேயே வந்தால் குற்றவாளி பின் டிரம்தான், முன் பேட் பாவம். முன் பேட்டை மாற்றிய பிறகும் சத்தம் தொடர்ந்து, கடைசியில் பின் டிரம்மில் சேர்ந்த தூசுதான் காரணம் என்று முடிந்த கதைகள் நிறைய.

இனி சக்கரத்தைக் கழற்றலாம். நீங்களே செய்வதாக இருந்தால் சமதரையில் நிறுத்துங்கள், பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள், ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்குக் கீழே எதையும் நுழைக்காதீர்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்க விடாத ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி.

முதலில் பார்க்க வேண்டியது உள்பேட். வெளிப்பேட் சக்கரத்தின் இடைவெளியிலேயே தெரியும், எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். புதிதில் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும், 3-க்கு வந்தால் மாற்ற வேண்டும். முக்கியமான விஷயம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். உள்பேட் வெளிப்பேட்டைவிடத் தெளிவாக அதிகம் தேய்ந்திருந்தாலோ, ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரி இருந்தாலோ, காலிப்பர் தன் பின்களின் மேல் தாராளமாக நகரவில்லை, அல்லது பிஸ்டன் திரும்பி உள்ளே போக மறுக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பின் விஷயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதுதான் பெரிய வில்லன். உங்கள் வண்டி மாதிரி வண்டிகளில் காலிப்பருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பிஸ்டன். மிதிக்கும்போது பிஸ்டன் உள்பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிறது. அந்த எதிர்விசையில் காலிப்பர் மொத்தமும் பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேட்டை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்துகிறது. விட்டதும் இரண்டும் மயிரிழை விலகி நிற்க வேண்டும். பின் காய்ந்துபோனால், துருப்பிடித்தால், அல்லது அதைக் காக்கும் ரப்பர் பூட் கிழிந்து உள்ளே தண்ணீர் போனால், காலிப்பர் கோணலாக நின்றுவிடுகிறது. பேட் ஒரு முனையில் மட்டும் உரசுகிறது, விட்ட பிறகும் தொட்டுக்கொண்டே இருக்கிறது, சூடாகிறது, கண்ணாடி மாதிரி வழவழப்பாகிறது, கீச்சிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முழங்கால் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு இது வரும், கொஞ்சம் தாமதமாக, தண்ணீர் வடிந்து நாலைந்து மாதம் கழித்து. அதற்குள் எல்லோரும் வெள்ளத்தை மறந்திருப்பார்கள். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பிரேக்கைக் கழற்றிப் பார்க்கிற எவரும் சிரிக்க மாட்டார்.

பின்னைக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், தள்ளினால் போக வேண்டும். ஸ்பானரால் திருகித்தான் வருகிறது என்றால் கண்டுபிடித்தாயிற்று. துடைத்துச் சுத்தம் செய்து, துரு குழிபறித்திருந்தால் புதுப் பின் போட்டு, பூட் கிழிந்திருந்தால் அதையும் மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸை இங்கே போடக் கூடாது, அது ரப்பரை உப்ப வைத்துப் பின்னையே இறுக்கிவிடும். இரண்டு வாரம் நல்லா இருந்து அப்புறம் சிக்கல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம், உங்கள் மெக்கானிக் என்ன கிரீஸ் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் வேறு வேறு, ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். இடம் மாற்றாமல் மாட்ட வேண்டும்.

அடுத்து கிளிப். பேட்டின் இரண்டு காதுகளும் உட்காரும் இடத்தில் மெல்லிய எஃகுக் கிளிப்புகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் அடியில் துரு தோல் தோலாக உப்பியிருக்கும், அது கிளிப்பை மேலே தள்ளிப் பேட்டை நெரிக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டுக் கிளிப்பைத் திரும்பப் போடுங்கள், முடிந்தால் புதிது. பேட் அந்த இடத்தில் விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றுகிறார் என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். கடைசியாக ஷிம்மை மாட்டி, பேட்டின் முதுகில் பிஸ்டனும் காலிப்பர் விரல்களும் தொடும் இடத்தில் பொட்டு வைக்கிற அளவு பிரேக் கிரீஸ். பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது, விளையாட்டில்லை. இந்த மொத்த வேலையும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு காலைப்பொழுதுதான், சாமான் செலவு டிஸ்க் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. லாபமும் அதே அளவு குறைவு என்பதால் இதை யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

பேட்டின் முகம் பளபளவென்று கண்ணாடியாகியிருந்தால், தடிமன் இருக்கிறவரை தூக்கியெறிய வேண்டாம். சமமான தரையில் உப்புத்தாளை விரித்து, பேட்டைக் கவிழ்த்து, பளபளப்பு போய் மங்கலாகும் வரை எட்டு போடுவது போலத் தேய்க்கலாம். டிஸ்க்கின் முகத்தையும் உப்புத்தாளால் லேசாகக் குறுக்கும் நெடுக்குமாக உரசி, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள். தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் (உரசும் பகுதியில்) ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, இப்போதையவை பலவற்றில் இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. ஈரத் துணி போதும்.

இப்போது டிஸ்க். அதன் விளிம்பிலோ நடுத் தொப்பியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், பொதுவாகப் புதிய அளவைவிட 2 மி.மீ. வரை குறைவாக இருக்கும். அளக்கும்போது ஒரு தந்திரம்: ஓடி ஓடி டிஸ்க்கின் விளிம்பில் உரசாத பகுதி வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், வெர்னியரை நேராக வைத்தால் வரப்பைத்தான் அளக்கும். ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை உரசும் பகுதியில் இரு பக்கமும் வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். பொறித்த எண்ணுக்குக் கீழே போயிருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, நகம் மாட்டுகிற அளவு ஆழமான வரிகளும் துருக்குழிகளும் இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு வேறு கருத்தில்லை. எண்ணுக்கு மேலே தாராளமாக இருந்து முகம் மட்டும் மேடுபள்ளமாக இருந்தால் லேத்தில் ஸ்கிம்மிங் செய்யலாம், அதாவது மேற்பரப்பை மெலிதாகச் சீவிச் சமப்படுத்தலாம். ஆனால் சின்ன வண்டியின் டிஸ்க்கில் சீவுவதற்குச் சதையே அதிகம் இருக்காது, லேத்காரர் சரியாக மையம் பிடிக்காவிட்டால் போனதைவிட மோசமாக வரும். நல்ல லேத் தெரிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் புதிதே மேல். எதைச் செய்தாலும் இடது வலது இரண்டுக்கும் சேர்த்து.

புது டிஸ்க்கோ பேட்டோ வாங்கப் போனால் ஜி.பி. ரோடு கடைகளில் பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், பெட்டியைத் திறந்து ஷிம்மும் கிளிப்பும் உள்ளே இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவுக் கைப்பிடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை வாங்கலாம், எனக்கும் பிடித்த இடம்தான். பழைய டிஸ்க்கும் பழைய காலிப்பரும் மட்டும் அங்கே வாங்க வேண்டாம்.

பின் டிரம்மில் அதிகம் சொல்ல இல்லை. டிரம்மைக் கழற்றினால் கறுப்புத் தூசி ஒரு கைப்பிடி விழும், அதுவே கீச்சுக்கும் காலையில் வெடுக்கென்று பிடிப்பதற்கும் காரணமாக இருக்கலாம். துடையுங்கள். லைனர் தேய்மானம் பாருங்கள். ஷூ (லைனர் ஒட்டியிருக்கும் வளைந்த கட்டை) உரசி நகரும், டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தட்டின் மேடுகளில் துளியூண்டு பிரேக் கிரீஸ் வையுங்கள், அவை காய்ந்தால் மிதிக்கும்போது "கிறீக்" என்று கதவு மாதிரி சத்தம் வரும். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நெம்பிப் பாருங்கள், ஈரமிருந்தால் ஒழுகுகிறது, பிரேக் ஆயிலில் நனைந்த லைனரை எத்தனை முறை கழுவினாலும் தேறாது. மழைநாளில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு ரெண்டு மூன்று நாள் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது "டங்" என்று விடும். சமதரை பார்க்கிங் என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

சத்தம் நிற்கட்டும் என்று டிஸ்க்கில் எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் அடிக்காதீர்கள். யாராவது யோசனை சொல்வார்கள், உண்மையிலேயே சத்தம் நிற்கும், பிரேக்கும் சேர்ந்து நிற்கும். ஓடிவந்த சூட்டில் வாட்டர் வாஷ் தண்ணீரைச் சக்கரத்தில் அடிக்கவும் விடாதீர்கள், கால் மணி நேரம் ஆறட்டும்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி நேராகத் தரைக்குப் போகும். இதை மறந்து பார்க்கிங் சுவரில் மோதியவர்கள் உண்டு. பிஸ்டனைத் தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்து பெயிண்டில் பட்டால் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அந்த ஆயிலை மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் இதோடு சேர்த்து மாற்றிவிடலாம். சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் ஈரத்தைக் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்கிற ரகத்துப் புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறியபின் அந்தக் கணக்கு 155-க்கு இறங்கிவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அது தெரியாமல் போகலாம், கொல்லிமலையின் 70 வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் கட்டாயம் தெரியும்.

பிறகு பதப்படுத்துவது. உங்கள் விஷயத்தில் இதைச் செய்யவே இல்லை என்று அடித்துச் சொல்வேன், யாரும் செய்வதில்லை. புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று உரசி, பேட்டின் பொருள் டிஸ்க்கில் சீரான மெல்லிய படலமாக ஏற வேண்டும். ஓ.எம்.ஆர். நெரிசலில் தொட்டுத் தொட்டுப் பிடித்தால் அது சீராக ஏறாது, திட்டுத்திட்டாகத்தான் ஏறும். ஞாயிறு விடியற்காலையில் வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாதிரி காலியான இடத்துக்குப் போங்கள். ஈ.சி.ஆர். வேண்டாம், அந்நேரம் சைக்கிள் கூட்டம் இருக்கும். பின்னால் வண்டி இல்லையென்று பார்த்துக்கொண்டு 60-லிருந்து 15 வரை மிதமாக அழுத்திக் குறையுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம், மறுபடி வேகம் எடுங்கள். எட்டுப் பத்து முறை. லேசான கருகல் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். அப்புறம் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது நின்று பெடலை அழுத்தியபடி வைத்திருந்தால் அந்த இடத்தில் பேட்டின் அச்சு பதியும்.

ஒர்க்‌ஷாப்பில் வாக்குவாதம் வேண்டாம். "அண்ணே, டிஸ்க் மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பின்னைக் கழற்றி எனக்குக் காட்டுங்க, டிஸ்க்கை அளந்து எவ்வளவுன்னு சொல்லுங்க, பின்னாடி டிரம்மையும் திறந்திடுங்க" என்று மட்டும் கேளுங்கள். அதற்கான கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள், இலவசமாகக் கேட்டால்தான் டிஸ்க் பில்லில் வந்து நிற்கும். அளவு குறைந்தபட்சத்துக்கு மேலே இருந்து, பின் காய்ந்திருந்து, ஷிம்மும் இல்லையென்றால் அதைச் சரிசெய்து ஒரு மாதம் ஓட்டுங்கள். அளவு கீழே இருந்தால் அன்றைக்கே டிஸ்க்கை மாற்றச் சொல்லிவிடலாம். ஆனால் அப்போதும் பின்னுக்குக் கிரீஸும் கிளிப்புக்குக் கம்பி பிரஷ்ஷும் போட்ட பிறகுதான் புது டிஸ்க் ஏற வேண்டும்.